நான்கு வருட ஆயுள்



மஃரிபுக்குப் பிறகு திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தடவையாவது நின்று பார்த்திருப்பீர்கள். தூரத்தே சீனன்குடாப் பக்கம் ஆலைகளின் விளக்குகள் தண்ணீரில் நீளமாக விழுந்து கிடக்கும். துறைக்குள் கப்பல் ஒன்று அசையாமல் நிற்கும். பள்ளிவாசலில் தொழுகை முடிந்தவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். மனதுக்கு அமைதி தரும் நேரம் அது.

அங்கிருந்து கடைத்தெருப் பக்கம் திரும்புங்கள். புதிய கைத்தொலைபேசி, தவணை முறையில் முச்சக்கர வண்டி, நகை அடகுக்குக் கூடிய பணம், வெளிநாட்டில் வேலை என்று பலகைக்குப் பலகை வெளிச்சம். வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சிப் பெட்டி அதையே சொல்கிறது. படுக்கப் போகும்போது கையிலிருக்கும் தொலைபேசியும் அதையே சொல்கிறது. எல்லாம் சேர்ந்து நம் காதில் ஓதுவது ஒரே ஒரு வசனந்தான்: "உன்னிடம் இருப்பது போதாது!"

இப்படி விளம்பர ஒளியில் மூழ்கிப்போன ஒரு நகரத்தைப் பற்றி 1982ஆம் ஆண்டிலேயே ஒரு படம் எடுத்தார்கள். 'பிளேட் ரன்னர்' என்பது அதன் பெயர். பிலிப் கே. டிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1968இல் வெளியிட்ட நாவலை வைத்து, ரிட்லி ஸ்கொட் என்பவர் இயக்கியது. இந்தப் படத்தைப் பாருங்கள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அதில் கொலைகள் உண்டு. பிள்ளைகளோடு இருந்து பார்க்கத் தகாத காட்சிகளும் உண்டு. ஆனால் அந்தக் கதை எழுப்பும் கேள்வி நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிற கேள்வி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் கரைக்குப் புதிதல்ல

"விஞ்ஞானக் கற்பனைக்கும் திருகோணமலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மௌத்தாகும் வரை இந்நாட்டையே தன் வீடாக்கிக்கொண்டவர். வந்த புதிதில் தன் நண்பர் மைக் வில்சனோடு நமது சுவாமி மலை அடிவாரத்தில் கடலுக்குள் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டவர். பிற்காலத்தில் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற படத்தின் கதையை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரே.

இன்னொன்றையும் கேளுங்கள். பூமிக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். இன்று நம் கூரைகளில் கவிழ்த்து வைத்த தாச்சிபோல் இருக்கின்றனவே, அந்த அன்டெனாக்கள், அவையெல்லாம் அந்த யோசனையின் பிள்ளைகள்தாம். அறிவைக் கொண்டுவரக்கூடிய அந்த வழியாகவே விளம்பரமும் நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து இறங்கிவிட்டது. கருவி நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். அது யாருக்காக, எதைச் சுமந்து வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வாங்கப்பட்ட உயிர்கள்

'பிளேட் ரன்னர்' கதை நடப்பது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில். காலம் 2019 நவம்பர். படம் எடுத்தவர்களுக்கு அது வருங்காலம். நமக்கோ கடந்துபோன காலம். அந்த நகரத்தில் மழை விடுவதில்லை. வெயிலை மருந்துக்குத்தான் காணலாம். கட்டடங்களின் உயரத்துக்கு ஒரு பெண்ணின் முகம் விளம்பரத் திரையில் சிரிக்கிறது. கொகா கோலாவும் பான் ஆம் விமானக் கம்பனியும் இருட்டில் மின்னுகின்றன. ஆகாயத்தில் மிதக்கும் கப்பல் ஒன்று, "பூமியை விட்டு வாருங்கள், வேறு உலகங்களில் புதுவாழ்வு காத்திருக்கிறது" என்ற கருத்தில் ஓயாமல் கூவிக்கொண்டே போகிறது. கீழே தெருவில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நனைகிறார்கள். உண்மையான மிருகங்கள் அநேகமாக அழிந்துவிட்டன. ஆந்தையும் பாம்பும்கூடச் செய்து விற்கப்படுகின்றன.

அந்தப் புதிய உலகங்களில் வேலை செய்வது யார்? டைரெல் என்ற பெரும் கம்பனி மனிதர்களைப் போலவே உயிர்களைச் செய்து விற்கிறது. பார்வைக்கு மனிதர், உழைப்புக்கு அடிமை. ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு உண்டு: பெயர், செய்யப்பட்ட திகதி, எந்த வேலைக்கு உகந்தவர் என்ற குறிப்பு. அவர்களுக்கும் காலப்போக்கில் அன்பும் கோபமும் பயமும் வரக்கூடும் என்பதை அறிந்த கம்பனி, அவர்களின் ஆயுளை நான்கு வருடம் என்று நிறுத்திவிட்டது.

அவர்களில் சிலர் தப்பிப் பூமிக்கு வருகிறார்கள். அவர்களைத் தேடிக் கொல்வது டெக்கார்ட் என்ற பொலிஸ்காரனின் வேலை. ஆனால் அங்கே அதைக் 'கொலை' என்று சொல்வதில்லை. 'ஓய்வு கொடுத்தல்' என்று சொல்கிறார்கள். வியாபாரம் முற்றிய இடத்தில் முதலில் கெட்டுப்போவது சொற்கள்தாம், சகோதரி! கடனுக்கு 'வசதி' என்று பெயர். வட்டிக்கு 'சேவைக் கட்டணம்' என்று பெயர். ஒரு பெண்ணைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து அனுப்புவதற்கு 'வாய்ப்பு' என்று பெயர்.

ஒரு புகைப்படம்

அந்தக் கதையில் மனதைப் பிசையும் இடம் ஒன்று உண்டு. ரேச்சல் என்ற பெண், தான் மனிதப் பெண் என்றே நம்பி வாழ்கிறாள். சந்தேகப்படும் டெக்கார்டிடம் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அதில் சிறுமியாக அவளும், பக்கத்தில் அவள் தாயும். "பாருங்கள், எனக்கும் உம்மா இருந்தா" என்பதுபோல. ஆனால் அந்த நினைவுகள் அவளுடையவை அல்ல; முதலாளி டைரெலின் சகோதர வழிப் பெண் ஒருத்தியின் நினைவுகளை எடுத்து இவளுக்குள் வைத்திருக்கிறார்கள். தப்பி வந்த மற்றவர்களும் புகைப்படங்களைத்தான் பொக்கிஷம்போல் வைத்திருக்கிறார்கள். தனக்கென்று ஒரு கடந்தகாலம் இருந்தது, தன்னையும் ஒருவர் மடியில் வைத்திருந்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா?

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இந்த இடம் நன்றாக விளங்கும். ஜித்தாவிலோ குவைத்திலோ இன்னொருவர் வீட்டுச் சமையலறைப் பக்கத்து அறையில், தலையணைக்கடியில் பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு படுத்த இரவுகள் உங்களுக்கு இருக்கலாம். அல்லது உங்கள் உம்மாவுக்கு இருந்திருக்கலாம். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வேலைக்காக வெளிநாடு போனவர்களில் பெண்களே பெரும்பான்மையாக இருந்தார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் அந்தப் பணத்தில் எழுந்த கல்வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் உம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மூதூரிலிருந்து போன பிள்ளை

றிஸானா நபீக்கை நாம் மறந்துவிட முடியாது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் உள்ள மூதூரில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பிறப்புச் சான்றிதழின்படி 1988 பெப்ரவரியில் பிறந்தவர். ஆனால் அவருடைய கடவுச்சீட்டில் பிறந்த வருடம் 1982 என்று இருந்தது. சுனாமி நம் கரையை அழித்து ஐந்து மாதம்கூட ஆகாத 2005 மே மாதத்தில் அவர் சவூதி அரேபியா போய்ச் சேர்ந்தார். வீட்டு வேலைக்குப் போன அந்தப் பிள்ளையிடம் நான்கு மாதக் கைக்குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பும் வந்தது. மூன்று கிழமை முடியுமுன் அந்தக் குழந்தை இறந்துபோனது. பால் புகட்டும்போது மூச்சுத் திணறிவிட்டது என்று றிஸானா சொன்னார். கொலை என்று வழக்காயிற்று. முதலில் கொடுத்த வாக்குமூலத்தை, சரியான மொழிபெயர்ப்பு இல்லாமல் பெறப்பட்டது என்று கூறி அவர் பின்னர் மறுத்தார். 2007 ஜூனில் மரண தண்டனை தீர்ப்பாகியது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது.

குழந்தையைப் பறிகொடுத்த அந்தத் தாயின் வேதனையும் வேதனைதான்; அதை நாம் குறைத்துப் பேசக் கூடாது. றிஸானாவின் பாவபுண்ணியத்தை எடைபோடும் அதிகாரமும் நமக்கில்லை; அது அல்லாஹ்விடம் இருக்கிறது. நான் உங்களைக் கேட்பது வேறு. பதினேழு வயதுப் பிள்ளையை இருபத்து மூன்று வயதுப் பெண் என்று காட்டி விமானம் ஏற்ற முடிந்ததே, அது எப்படி?

படத்தில் டைரெல் கம்பனி தன் பொருளுக்குப் பொய்யான கடந்தகாலத்தைச் செய்து கொடுத்தது. இங்கே நிஜமான ஒரு பிள்ளையின் நிஜமான பிறந்த வருடம் ஒரு தாளில் அழிந்துபோனது. அதனோடு அவருடைய பிள்ளைப்பருவமும் அழிந்துபோனது. அவரை விட இளைய எத்தனை பேர் இப்படிப் போய் வந்து, எதுவும் நடக்காததால் யாருக்கும் தெரியாமல் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அந்த மரணத்தின் பின் அரசாங்கம் சவூதிக்குச் செல்லும் பணிப்பெண்களின் ஆகக்குறைந்த வயதை 25 ஆக உயர்த்தியது. சிறு பிள்ளைகளின் தாய்மாரைத் தடுக்கக் குடும்பப் பின்னணி அறிக்கையும் வந்தது. ஆனால் 2022இல் நாட்டில் டொலர் இல்லை, எரிவாயு இல்லை, பால்மா இல்லை என்று வந்தபோது அந்த வயது மீண்டும் 21 ஆகத் தளர்த்தப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு இருந்த தடை, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. நாட்டுக்குப் பணம் தேவைப்பட்டால் பிள்ளைக்கு உம்மா தேவைப்படும் வயதும் குறைந்துவிடுமா? யோசித்துப் பாருங்கள்.

ஆயுளைக் கேட்டுப் போனவன்

கதைக்கு வருவோம். தப்பி வந்தவர்களின் தலைவன் பெயர் ரொய் பெட்டி. அவன் தேடி வந்தது பணத்தையல்ல, பழிவாங்குவதைக்கூட அல்ல. இன்னும் கொஞ்சம் ஆயுள்! எல்லாத் தடைகளையும் கடந்து, தன்னைச் செய்த டைரெலின் முன்னால் போய் நிற்கிறான். தனக்கும் தன் கூட்டாளிகளுக்கும் வாழ்நாளை நீட்டித் தரும்படி கேட்கிறான். முடியாது என்பதே பதில். அவன் பிரகாசமாக எரிந்தவன் என்று புகழ்ந்து சமாதானப்படுத்தப் பார்க்கிறார் முதலாளி. ரொய் ஆத்திரத்தில் அவரைக் கொன்றுவிடுகிறான்.

இந்த இடத்தில் நம் ஈமான் நமக்கு ஒன்றைக் காட்டித் தருகிறது. ரொய்யின் துர்ப்பாக்கியம் அவனுக்கு ஆயுள் குறைந்தது மட்டுமல்ல. தன்னைப் படைத்தவன் என்று அவன் தேடிப்போன இடத்தில் ஒரு வியாபாரி இருந்தான் என்பதே பெரிய துர்ப்பாக்கியம். லாபத்துக்காகச் செய்தவனிடம் கருணையைக் கேட்டால் எங்கிருந்து வரும்? நாமோ ரஹ்மானிடம் கையேந்துகிறவர்கள். நமக்கும் தவணை குறிக்கப்பட்டிருக்கிறது; ஒரு நொடி முந்தாது, பிந்தாது. ஆனால் நம்மைப் படைத்தவன் நம்மிடமிருந்து லாபம் எதிர்பார்ப்பவனல்லன். ஆகவே நம் பெறுமதி சம்பளத்திலோ நகையிலோ அளக்கப்படுவதுமில்லை. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் விளம்பரப் பலகைகளின் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

கடைசிக் காட்சியில் ரொய்யின் நான்கு வருடம் முடிகிற தறுவாய். அவனைக் கொல்ல வந்த டெக்கார்ட் மாடி விளிம்பில் தொங்குகிறான், கை வழுக்குகிறது. ரொய் அவனை விழ விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு கையால் பிடித்துத் தூக்கி மேலே போடுகிறான்! பிறகு மழையில் உட்கார்ந்து, தான் வாழ்க்கையில் கண்ட அற்புதங்களைச் சொல்லி, அவையெல்லாம் தன்னோடு போய்விடும் என்று வருந்திச் சாகிறான். அவனாக நடித்த ருட்கர் ஹவர் என்ற நடிகரும் அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்பட்ட அதே 2019இல் இறந்துபோனார். நகரத்தின் மேலே மின்னிய பான் ஆம் கம்பனியோ 1991இலேயே மூடப்பட்டுவிட்டது. வருங்காலத்திலும் தாங்கள் இருப்போம் என்று ஒளிவிட்டவர்களின் நிலை அது!

வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன என்று தேடித் திரிந்தவன், ஆயுளைக் கூட்டிக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கவில்லை. கடைசி நிமிடத்தில் எதிரியின் உயிரைக் காத்தபோதுதான் கண்டுபிடித்தான். ஓர் உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைப்பது போன்றது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய பாடமல்ல. ஆனால் நினைவுபடுத்த வேண்டிய பாடம்.

ஆமைக் கேள்வி

அந்த நகரத்தில் மனிதர் யார், செய்யப்பட்டவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு பரீட்சை வைக்கிறார்கள். கேள்வி கேட்கும்போது கண்ணின் அசைவைக் கருவியில் பார்ப்பார்கள். கேள்விகள் இரக்கத்தைப் பற்றியவை. வெயிலில் மல்லாந்து தவிக்கும் ஓர் ஆமைக்கு ஏன் உதவாமல் நிற்கிறாய் என்பது அவற்றில் ஒன்று. இரக்கம் சுரந்தால் மனிதன். சுரக்காவிட்டால் செய்யப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பரீட்சையை முதலாளிக்கு யாரும் வைப்பதில்லை. கொல்லச் சொல்லி உத்தரவிடும் அதிகாரிக்கும் வைப்பதில்லை. இல்லாதவர்தான் ஒவ்வொரு தடவையும் தான் மனிதர் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது!

அந்தப் பரீட்சையை நாம் நமக்கே வைத்துப் பார்த்தால் என்ன? பிள்ளையின் வயதை மாற்றி எழுதிய கைக்கு எப்போதாவது நடுங்கியிருக்குமா? பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்த வீட்டுக்காரிக்கு, வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நினைவுக்கு வந்திருக்குமா? இவர்களைக் கேட்டுவிட்டு நம்மையும் கேட்போம். நம் குமருக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள் "வீடு இருக்கா, எத்தனை பவுண்" என்று கேட்டபோது நாம் என்ன சொன்னோம்? நம் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது நாமே என்ன கேட்டோம்? எத்தனையோ உம்மாமார் கடல் கடந்து போனது இந்தச் சீதன வீட்டைக் கட்டத்தானே! மஹர் கொடுத்து மணக்க வேண்டிய மார்க்கத்தில் பிறந்துவிட்டு, பெண் வீட்டாரைக் கட்டடம் கட்ட வைக்கும் ஊர் நம் ஊர். அரபு நாட்டு முதலாளியைக் குறை சொல்லுமுன் நம் வாசற்படியையும் பார்க்கத்தான் வேண்டும்.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

சகோதரி! உலகத்தைத் திருத்த நம்மால் ஆகாது. ஆனால் அடுப்படியிலிருந்து சில காரியங்களைத் தொடங்கலாம்.

வெளிநாடு போகத்தான் வேண்டும் என்ற நிலை ஒரு சகோதரிக்கு வந்தால், அவரை ஏசாதீர்கள். பசி என்னவென்று பசித்தவருக்குத்தான் தெரியும். ஆனால் தரகரின் பேச்சை மட்டும் நம்பிப் போக விடாதீர்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று விசாரியுங்கள். பிரதேச செயலகங்களில் இதற்கென்றே உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். கடவுச்சீட்டினதும் ஒப்பந்தத்தினதும் பிரதி வீட்டில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்த திகதியில் ஒரு நாளைக்கூட மாற்ற இடம் கொடுக்காதீர்கள். அது பொய் என்பது ஒரு பக்கம். நாளைக்கு ஓர் ஆபத்து என்றால், அந்தப் பிள்ளையைப் பிள்ளை என்று காட்ட இருக்கும் ஒரே கயிற்றையும் நாமே அறுத்துவிட்டவர்களாவோம்.

போன சகோதரியின் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருந்தால், உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது அவர்களையும் ஒரு பார்வை பாருங்கள். பள்ளிக்கூடம் போனார்களா, காய்ச்சலா என்று கேளுங்கள். மழைக்குள் விழப்போகிறவனை ஒரு கை பிடித்துத் தூக்கியதுபோல, அந்த ஒரு கேள்வி ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் தொலைக்காட்சி பார்க்கும்போது பக்கத்தில் இருந்து ஒரு விளையாட்டு விளையாடுங்கள். விளம்பரம் வந்தவுடன், "இவங்க நம்மளுக்கு எதை விக்கப் பாக்குறாங்க? அது இல்லாட்டி நம்மளுக்கு என்ன குறைஞ்சு போகும்?" என்று கேளுங்கள். நான்கு நாளில் பிள்ளைகளே நமக்குச் சொல்லித் தரத் தொடங்கிவிடுவார்கள். கிழமைக்கு ஒரு தடவை வந்து கடன் தரும் கம்பனிக்காரர் கதவைத் தட்டும்போதும் இதே கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

குர்ஆனின் 102ஆவது அத்தியாயமான அத்தகாஸுர் வெறும் எட்டு வசனங்கள் கொண்டது. பெருக்கிக்கொள்ளும் போட்டி மனிதனைக் கப்று வரை பராக்காக்கிவிடுவதைப் பற்றியது. தொழுகையில் நாம் அடிக்கடி ஓதும் சூராதான். பிள்ளைகளுக்கு அதன் அர்த்தத்தையும் ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். அடுத்ததாக உள்ள அல்அஸ்ரையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று வசனங்களில் காலத்தைப் பற்றிப் பேசும் அந்தச் சூராவை விளங்கிய பிள்ளைக்கு, நான்கு வருடமோ நாற்பது வருடமோ, ஆயுளை என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் படமும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

இன்னொரு நாள் மஃரிபுக்குப் பிறகு துறைமுகப் பக்கம் போனால், கடைத்தெரு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பாருங்கள். அந்த இருட்டுக்கு அப்பால் மூதூர் இருக்கிறது. அங்கிருந்து போய்த் திரும்பி வராத அந்தப் பிள்ளைக்காக ஒரு துஆக் கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருக்கும் உங்கள் பிள்ளையின் தலையைத் தடவுங்கள். எந்தப் பலகையும் விற்க முடியாத ஒன்று அப்போது உங்கள் கையில் இருக்கும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும், பிழைப்புக்காகக் கடல் கடந்து போன நம் சகோதரிகளையும் தன் காவலில் வைப்பானாக! ஆமீன்.